உங்கள் இணையதளத்துக்கு யார் வர வேண்டும்?

இணையதளம் வைத்திருக்கும் சிறுதொழில்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பெரும்பாலும் முதலில் வந்து விழுவது ஓர் எண்: மாதம் இத்தனை ஆயிரம் பேர் தளத்தைப் பார்க்கிறார்கள். அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் சங்கடம் தொடங்கும். அவர்களில் எத்தனை பேர் தொலைபேசியில் அழைத்தார்கள்? எத்தனை பேர் விலை விசாரித்தார்கள்? எத்தனை பேர் கடைசியில் பணம் கொடுத்தார்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கத்துக்கு மாதம் 5,000 பேர் வருகிறார்கள், அவர்களில் 2 பேர் விசாரிக்கிறார்கள். இன்னொரு பக்கத்துக்கு வருவது 120 பேர், விசாரிப்பது 9 பேர். எந்தப் பக்கத்தில் உழைப்பைப் போடுவது என்று கேட்டால் எல்லோரும் சரியான பதிலைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் நடைமுறையில் பலர் முதல் பக்கத்தைப் போல இன்னும் பத்துப் பக்கங்கள் எழுதத்தான் கிளம்புகிறார்கள். பெரிய எண்ணுக்கு அப்படி ஒரு மயக்கம் உண்டு.

ஆள் வருவது ஒன்று, வர வேண்டிய ஆள் வருவது வேறு. வர வேண்டிய ஆளை எப்படி அடையாளம் காண்பது? அவருக்கு இருக்கும் தேவை நீங்கள் தீர்த்துவைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அந்தத் தேவை இப்போதோ கூடிய சீக்கிரத்திலோ நிறைவேற வேண்டியதாக இருக்க வேண்டும். உங்கள் தூரமும் விலையும் அவருக்கு எட்ட வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அவர் உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டுப் போய்விடுவார். படித்ததில் அவருக்குப் பலன் இருக்கலாம். உங்கள் தொழிலுக்கு இல்லை.

கட்டுரை முழுக்க ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். பழைய இயந்திரக் கைக்கடிகாரங்களைப் பழுதுபார்த்துத் தரும் ஒருவர். தனி ஆள், சின்னப் பட்டறை, ஒரு இணையதளம். ஒரே நாளில் நூறு கடிகாரங்களை அவரால் தொடவும் முடியாது. அவருக்கு ஆயிரக்கணக்கானோர் எதற்கு? வாரத்துக்குச் சில நல்ல வேலைகள் வந்தால் பட்டறை நிறைந்துவிடும். சிறுதொழிலுக்கு இருக்கும் பெரிய வசதியே இதுதான். பெரிய நிறுவனம் எல்லோரையும் துரத்த வேண்டியிருக்கிறது, உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

முதலில் ஆள், பிறகு தளம்

தேடுபொறி, விளம்பரம், சமூக ஊடகம் என்று இறங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குக் கணினியே தேவையில்லை. கடந்த ஓராண்டில் செய்த வேலைகளின் பில்களை எடுத்து மேசையில் பரப்புங்கள். எந்த வேலைகளில் லாபம் நின்றது? எந்த வாடிக்கையாளர்கள் திரும்ப வந்தார்கள், இன்னொருவரை அழைத்து வந்தார்கள்? எந்த வேலைகள் நேரத்தைத் தின்றுவிட்டு மனக்கசப்பை மட்டும் மிச்சம் வைத்தன?

நம் கடிகாரக்காரர் இப்படிப் பார்த்தால், தாத்தாவின் கடிகாரத்தை ஓட வைக்க வேண்டும் என்று வந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்து, சொன்ன தொகையைக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டுப் போனது தெரியவரலாம். பேட்டரி மாற்ற வந்தவர்கள் பத்து நிமிட வேலைக்கு இருபது நிமிடம் பேரம் பேசியதும் தெரியவரலாம். அப்படியானால் அவருடைய தளம் யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. யாரைப் பார்த்துப் பேசக் கூடாது என்பதும் கூடவே முடிவாகிவிட்டது. இந்த இரண்டாவது முடிவைத்தான் பலர் எடுக்கத் தயங்குகிறார்கள். வருகிற ஆளை நாமே ஏன் தடுப்பது என்ற பயம். பொருந்தாத ஆள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் வேலைதான், அந்த நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை என்பதை நினைத்துக்கொண்டால் பயம் குறையும்.

பில்களோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: வாடிக்கையாளர்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள், குறுஞ்செய்திகள். அவர்கள் பிரச்சினையை எந்தச் சொற்களில் சொல்கிறார்கள்? தொழிலில் இருப்பவர் “முழுப் பராமரிப்பு”, “அச்சுத் தேய்மானம்” என்பார். வாடிக்கையாளர் “கடிகாரம் தினமும் பத்து நிமிடம் பின்தங்குகிறது”, “கண்ணாடிக்குள் நீராவி படிந்திருக்கிறது”, “சாவி கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை” என்று எழுதுவார். தேடுபொறியிலும் அவர் இதையேதான் தட்டச்சு செய்வார். பழைய செய்திகளிலிருந்து இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதி எழுதி ஒரு நோட்டில் சேர்த்தால், தளத்தில் என்னென்ன பக்கங்கள் வேண்டும் என்ற பட்டியல் பாதி தயாராகிவிடும். காசு கொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் இவ்வளவு துல்லியமான பட்டியலைத் தராது.

தேடுகிறவர் மனதில் என்ன இருக்கிறது

தேடுபொறி வழியாக வருபவர்தான் பெரும்பாலான சிறுதொழில்களுக்கு மதிப்பு மிக்க விருந்தாளி. காரணம் எளிது. சமூக ஊடகத்தில் அவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் குறுக்கே போகிறீர்கள். தேடுபொறியில் அவரே தன் தேவையை எழுதிக் கேட்கிறார்.

ஆனால் எல்லாத் தேடலும் ஒன்றல்ல. ஆந்திரே புரோடர் என்ற கணினி அறிவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இணையத் தேடல்களை மூன்றாகப் பிரித்தார். ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போவதற்கான தேடல், ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கான தேடல், வாங்குவது, பதிவு செய்வது போல ஒரு காரியத்தை முடிப்பதற்கான தேடல். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்தப் பகுப்பு இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. வாங்கும் எண்ணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை நான்காவது வகையாகச் சேர்ப்பவர்களும் உண்டு.

கடிகாரக்காரரின் கண்ணில் இதைப் பார்க்கலாம். “கைக்கடிகாரம்” என்று ஒற்றைச் சொல்லைத் தேடுபவருக்கு என்ன வேண்டும்? புதிதாக வாங்க வேண்டுமா, படம் வேண்டுமா, பள்ளிக் கட்டுரை எழுத வேண்டுமா? யாருக்கும் தெரியாது. அந்தச் சொல்லுக்கு முதல் பக்கத்தில் வருவதற்குப் பெரிய விற்பனைத் தளங்களோடு மோத வேண்டும், மோதி ஜெயித்தாலும் வருகிறவர்களில் பழுதுபார்க்க ஆள் தேடுபவர் மிகச் சிலரே. “இயந்திரக் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது” என்பது தெரிந்துகொள்ளும் தேடல். ஆர்வம் இருக்கிறது, தேவை இருக்கிறதா என்பது சந்தேகம். “பழைய சாவி கடிகாரம் நின்றுவிட்டது சரிசெய்ய எவ்வளவு ஆகும்” என்று எழுதுகிறவரின் கையில் நின்றுபோன கடிகாரம் இருக்கிறது. அவர்தான் நம் ஆள்.

தேடல் வாக்கியம் நீள நீளத் தேடுபவர் எண்ணிக்கை குறையும், தேவையின் உருவம் தெளிவாகும். போட்டியும் குறையும். புதிதாகத் தொடங்கும் சிறு தளம் நுழையக் கூடிய இடம் இந்த நீளமான வாக்கியங்கள்தான். இவை தீர்ந்துபோகும் என்ற கவலையும் வேண்டாம். நாள்தோறும் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு அதற்கு முன் யாருமே கேட்டிராதவை என்று கூகுளே பலமுறை சொல்லியிருக்கிறது. மனிதர்கள் தங்கள் பிரச்சினையைத் தங்கள் பாணியில் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள்.

நோட்டில் சேர்த்த வாக்கியங்களை ஒவ்வொன்றாகக் கூகுளில் தட்டச்சு செய்து பாருங்கள். பெட்டிக்குக் கீழே விரியும் பரிந்துரைகளும், முடிவுகளுக்கு நடுவே வரும் தொடர்புடைய கேள்விகளும் மற்றவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைக் காட்டும். அதைவிட முக்கியமாக, முதல் பக்கத்தில் எந்த மாதிரித் தளங்கள் வருகின்றன என்று கவனியுங்கள். எல்லாமே கலைக்களஞ்சியங்களும் காணொளிகளுமாக இருந்தால், அந்த வாக்கியத்தைத் தெரிந்துகொள்ளும் தேடலாகவே கூகுள் எடுத்துக்கொள்கிறது என்று பொருள். அங்கே உங்கள் சேவைப் பக்கத்தை நிறுத்தப் போராடுவது வீண். உங்களைப் போன்ற சிறு தொழில்களே வந்தால், அங்கே உங்களுக்கும் இடம் உண்டு.

தெரிந்துகொள்ளும் தேடலுக்குப் பக்கமே எழுதக் கூடாது என்றில்லை. எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அதைப் படித்தவர் அடுத்து உங்களிடம் வரும் வாய்ப்பு இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். கடிகார வரலாறு பற்றி அழகாக எழுதலாம், படிப்பார்கள், போய்விடுவார்கள். “இயந்திரக் கடிகாரம் திடீரென்று வேகமாக ஓடுவது ஏன்” என்று எழுதினால் கதையே வேறு. அப்படித் திடீரென்று முந்தி ஓடினால் காந்தப் பாதிப்பு ஒரு முக்கியக் காரணம், உள்ளிருக்கும் மெல்லிய சுருள்வில்லின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காந்தம் நீக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதைப் படித்தவர் கையில் பிரச்சினையோடு இருக்கிறார், எழுதியவருக்குத் தொழில் தெரியும் என்பதையும் பார்த்துவிட்டார். கீழேயே தொலைபேசி எண் இருந்தால் போதும்.

இப்படிப் பிரிப்பதற்கு இப்போது கூடுதலாக ஒரு காரணமும் வந்திருக்கிறது. 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள், தேடல் முடிவுகளின் மேலேயே செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கங்களைப் பொதுப் பயனர்களுக்குக் காட்டத் தொடங்கியது, பிறகு பல நாடுகளுக்கும் விரித்தது. “அது என்ன, இது என்ன” வகைக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டால், எந்தத் தளத்துக்கும் போக வேண்டிய அவசியம் தேடுபவருக்கு இல்லை. பொது விளக்கங்களை நிரப்பிக் கூட்டம் சேர்க்கும் வழி இனி இன்னும் மெலியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நின்றுபோன கடிகாரத்தை எந்தச் சுருக்கமும் பிரித்துப் பூட்டித் தராது, அதற்கு ஆள் வேண்டும்.

பக்கமே சல்லடை

ஒரு தேவைக்கு ஒரு பக்கம். இந்த விதி ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதிக் குழப்பம் தீரும். “எங்கள் சேவைகள்” என்று ஒரே பக்கத்தில் பன்னிரண்டு வேலைகளை வரிசையாக அடுக்கிவைத்தால், தேடுபொறிக்கும் அது எதைப் பற்றிய பக்கம் என்று புரியாது, வருபவருக்கும் தன் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று தெரியாது. கண்ணாடிக்குள் நீர் புகுந்த கடிகாரத்துக்கு ஒரு பக்கம், நின்றுபோன பழைய கடிகாரத்துக்கு ஒரு பக்கம்.

தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரியும் தலைப்பும் அதன் கீழே வரும் இரண்டு வரி விவரமும்தான் உங்கள் பக்கத்தின் முதல் சல்லடை. தலைப்பில் “முகப்பு” என்றும் “வரவேற்கிறோம்” என்றும் எழுதி வைத்திருக்கும் தளங்கள் இன்னும் எத்தனையோ. “பழைய இயந்திரக் கைக்கடிகாரம் பழுதுபார்த்தல்” என்று நேராக எழுதினால் என்ன? கீழே வரும் விவரத்தில் “சாவி கொடுக்கும் கடிகாரங்கள், தானியங்கிக் கடிகாரங்கள் மட்டும். பேட்டரிக் கடிகாரங்கள் எடுப்பதில்லை. பார்த்துவிட்டு எழுத்தில் மதிப்பீடு தருவோம்” என்று சேர்க்கலாம். அந்த விவரம் தரவரிசையை உயர்த்துவதில்லை, கூகுள் சில வேளை அதற்குப் பதிலாகப் பக்கத்திலிருந்தே வேறு வரிகளை எடுத்துக் காட்டவும் செய்யும். ஆனாலும் எழுதுவது வீண் போகாது. தேவையுள்ளவர் உள்ளே வருவார், பேட்டரிக்காரர் வெளியிலிருந்தே திரும்பிவிடுவார். இரண்டுமே உங்களுக்கு நல்லது.

பக்கத்துக்குள் என்ன எழுதுவது? வருபவர் தொலைபேசியில் முதலில் எதைக் கேட்பாரோ அதை. என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள், எவ்வளவு நாளாகும், கட்டணம் எங்கிருந்து எதுவரை, எந்தப் பகுதியில் வேலை செய்கிறீர்கள், கடிகாரத்தை அஞ்சலில் அனுப்பலாமா. கட்டணத்தைப் போடலாமா என்பதில் தொழில்காரர்களுக்குள் தீராத வாதம் இருக்கிறது. போட்டியாளர் பார்த்துவிடுவார், வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்பார்கள். என் கருத்து வேறு. துல்லியமான தொகை சொல்ல முடியாத வேலைக்குக்கூடத் தொடக்கக் கட்டணத்தையும், எதனால் கூடும் குறையும் என்பதையும் சொல்லிவிடலாம். அதைப் பார்த்து ஓடுபவர் தொலைபேசியிலும் ஓடித்தான் இருப்பார், உங்கள் அரை மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டு.

செய்த வேலையின் உண்மையான படங்கள், பழுதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்ற சிறு விவரங்கள், இவை வேறு எங்கும் கிடைக்காதவை. வாங்கிப் போட்ட பளபளப்பான பொதுப் படங்கள் எந்தத் தளத்திலும் இருக்கும்.

ஒரே சொல்லைப் பக்கம் முழுக்கத் திணிக்கும் பழைய தந்திரத்தை யாராவது இன்னும் பரிந்துரைத்தால் நம்ப வேண்டாம். பக்கத்தின் நிரலுக்குள் முக்கியச் சொற்களைப் பட்டியலிடும் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. கூகுளின் தரவரிசை முறையில் 2011-இல் வந்த ‘பாண்டா’ மாற்றம் உள்ளீடற்ற பக்கங்களைக் குறிவைத்தது, 2012-இல் வந்த ‘பெங்குவின்’ செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளையும் சொல்திணிப்பையும் குறிவைத்தது. ஆனாலும் “மூன்றே நாளில் முதலிடம்” என்று மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் ஓயவில்லை.

தொழில்நுட்பத்தில் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஒன்று, கூகுள் தளங்களை மதிப்பிடுவது அவற்றின் கைபேசி வடிவத்தைக் கொண்டு. அதனால் உங்கள் தளத்தை உங்கள் கைபேசியிலேயே திறந்து, ஒரு கையால் பயன்படுத்திப் பாருங்கள். இரண்டு, வேகம். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. சிறு தளங்களில் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம், கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய பெரிய படங்கள். சுருக்கி ஏற்றினால் போதும்.

அக்கம்பக்கத்துத் தேடல்

வாடிக்கையாளர் நேரில் வர வேண்டிய தொழில் என்றால், இணையதளத்துக்கு முன்னால் வரைபடத்தில் உங்கள் இடம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் தொழிலின் விவரங்களைக் காட்டும் ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ இலவசம். அருகிலுள்ளவற்றைக் காட்டும்போது மூன்றைக் கணக்கில் எடுப்பதாகக் கூகுள் சொல்கிறது: தேடலுக்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட இடம். தூரத்தை மாற்ற முடியாது. பொருத்தம் உங்கள் கையில் இருக்கிறது. தொழில் வகையில் “கடை” என்று பொதுவாகப் போடாமல் “கடிகாரப் பழுதுபார்ப்பு” என்பதற்கு நெருங்கிய வகையைத் தேர்ந்தெடுங்கள். வேலை நேரத்தை விடுமுறைகளில் மாற்றி வையுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் எழுதும் விமர்சனம் நெடுநாள் அங்கேயே நிற்கும்.

விமர்சனம் எழுதும்படி வாடிக்கையாளரைக் கேட்கலாம், தவறில்லை. பதிலுக்குப் பரிசோ தள்ளுபடியோ தருவது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. “நன்றாக இருந்தது” என்று ஒற்றை வரியில் எழுதுவதைவிட, என்ன பிரச்சினையோடு வந்தார், என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதினால் அடுத்து அதே பிரச்சினையோடு வருபவருக்கு உதவும் என்று சொல்லிப் பாருங்கள். பலர் மகிழ்ச்சியோடு எழுதுவார்கள்.

காசு கொடுத்து அழைக்கும்போது

தேடல் விளம்பரத்தில் ஒவ்வொரு கிளிக்குக்கும் பணம். பொருந்தாத ஆள் வந்தால் வெறும் எண்ணிக்கை ஏறுவதோடு நிற்காது, பை காலியாகும். அதனால் சரியான ஆளைப் பற்றிய பாடத்தை விளம்பரம் சீக்கிரமே கற்றுக்கொடுத்துவிடும்.

முதலில் சொற்பொருத்தம். கூகுள் விளம்பரத்தில் ஒரு சொல்லை மூன்று விதமாகக் கொடுக்கலாம்: பரந்த பொருத்தம், சொற்றொடர்ப் பொருத்தம், துல்லியப் பொருத்தம். எதுவும் குறிக்காமல் விட்டால் அது பரந்த பொருத்தம். “கடிகாரம் பழுது” என்று கொடுத்தால் சுவர்க் கடிகாரத்தைத் தேடுபவருக்கும் உங்கள் விளம்பரம் போகலாம். சிறிய தொகையோடு தொடங்குபவர் சொற்றொடர்ப் பொருத்தத்திலோ துல்லியப் பொருத்தத்திலோ தொடங்குவது பாதுகாப்பு.

அடுத்தது, தவிர்க்கும் சொற்கள். இந்தச் சொல் இருந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்லும் பட்டியல். கடிகாரக்காரருக்கு “இலவசம்”, “பயிற்சி”, “வேலைவாய்ப்பு”, “ஸ்மார்ட்”, “சுவர்”, “நீங்களே செய்வது எப்படி” ஆகியவை முதல் நாளே பட்டியலில் ஏற வேண்டியவை. பிறகு வாரம் ஒருமுறை, உண்மையில் என்ன தேடியவர்களுக்கு விளம்பரம் காட்டப்பட்டது என்ற அறிக்கையைத் திறந்து பார்த்துப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். அந்த அறிக்கையைப் படிப்பது ஒருவகையில் பொழுதுபோக்கும்கூட. மனிதர்கள் எதையெல்லாம் தேடுகிறார்கள் என்ற வியப்பு தீராது.

மூன்றாவது, இடம். குறிப்பிட்ட பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வழக்கமாக அமைந்திருக்கும் தேர்வில், அந்தப் பகுதியில் இருப்பவர்களோடு அந்தப் பகுதியில் ஆர்வம் காட்டுபவர்களும் சேர்ந்துவிடுவார்கள். தொலைதூரத்தில் உட்கார்ந்துகொண்டு உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுபவரும் அதில் அடக்கம். நேரில் வருபவர் மட்டும் போதும் என்றால், அந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று அமைப்பை மாற்ற வேண்டும். பக்கத்திலேயே இன்னும் சில பெட்டிகள் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டு இருக்கும், ஒவ்வொன்றையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். நிறுவனம் தன் வருமானத்துக்கு வசதியாகத்தானே அமைத்துவைக்கும்.

விளம்பரத்தைக் கிளிக் செய்தவரை முகப்புப் பக்கத்தில் இறக்கிவிடாதீர்கள். நீர் புகுந்த கடிகாரத்துக்கான விளம்பரம் என்றால் அதற்கென்றே எழுதிய பக்கத்துக்குப் போக வேண்டும்.

எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்குத் தலைகீழாகக் கணக்குப் போடுவது நல்லது. 100 கிளிக்குகளில் 4 வேலை கிடைக்கிறது என்றால், ஒரு வேலைக்கு 25 கிளிக்குகள். ஒரு வேலையில் நிற்கும் லாபத்தை 25-ஆல் வகுத்தால் வருவதுதான் ஒரு கிளிக்குக்கு நீங்கள் தரக்கூடிய உச்சம். அதைத் தாண்டினால் விளம்பர நிறுவனத்துக்காக உழைக்கிறீர்கள் என்று பொருள்.

காசு கொடுத்தால் ஒரு வாரத்தில் பத்தாயிரம் வருகைகள் அனுப்புவதாகச் சிலர் விற்பார்கள். அவற்றில் பெரும்பகுதி மனிதர்களாகவே இருக்காது, தானியங்கி நிரல்கள்தான் வந்து போகும். ஒரு பயனும் இல்லாததோடு, உங்கள் சொந்தப் புள்ளிவிவரங்களையும் கலங்கடித்துவிடும். பிறகு எது உண்மை, எது பொய் என்று பிரிப்பதே தனி வேலை.

மற்றவர் அனுப்பிவைப்பவர்கள்

இன்னொருவர் தன் தளத்திலிருந்து “இதற்கு இவரிடம் போங்கள்” என்று இணைப்புக் கொடுத்தால், வருபவர் பாதி நம்பிக்கையோடு வருகிறார். கூகுள் பிறந்ததே இந்த எண்ணத்தில்தான். 1998-இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் முன்வைத்த ‘பேஜ்ரேங்க்’ முறை, ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்புகளை அதற்கான பரிந்துரைகளாக எடுத்துக்கொண்டது. இன்று எத்தனையோ காரணிகள் சேர்ந்துவிட்டாலும் இணைப்புகளுக்கு மதிப்பு போய்விடவில்லை.

சிறுதொழிலுக்கு இதில் சிறந்த வழி, போட்டியில்லாத அண்டைத் தொழில்கள். கடிகாரக்காரருக்குப் பழம்பொருள் விற்பவர், தோல்பட்டை செய்பவர், நகை மதிப்பீட்டாளர். இவர்களிடம் வருபவர்களுக்கு அடிக்கடி கடிகாரக்காரர் தேவைப்படுவார். அவர்களுடைய தளத்திலிருந்து மாதம் பத்துப் பேர் வந்தாலும் அந்தப் பத்துப் பேரும் கடிகாரத்தோடு வருவார்கள்.

சமூக ஊடகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. கடிகாரத்தைப் பிரித்துத் துடைத்துப் பூட்டும் காணொளி பார்க்க மிக இதமாக இருக்கும், லட்சம் பேர் பார்க்கவும் கூடும். அவர்கள் பார்க்க வந்தவர்கள், பழுதுபார்க்க வந்தவர்கள் அல்லர். உலகின் எந்த மூலையில் இருக்கிறார்கள் என்பதும் தெரியாது. செய்யப் பிடித்தால் தாராளமாகச் செய்யலாம். வேலை வரவில்லையே என்று அதற்காகவே இன்னும் அதிகமாகக் காணொளி எடுக்கத் தொடங்கினால், பட்டறையில் காத்திருக்கும் கடிகாரங்களை யார் பார்ப்பது?

எண்களைப் படிப்பது

இரண்டு இலவசக் கருவிகள் போதும். கூகுள் சர்ச் கன்சோல், தளத்துக்கு வருவதற்கு முன் நடப்பதைக் காட்டும்: எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம். 16 மாதத் தரவு அதில் இருக்கும். கூகுள் அனலிட்டிக்ஸ், வந்த பிறகு நடப்பதைக் காட்டும்.

சர்ச் கன்சோலில் தேடல் வாக்கியங்களின் பட்டியலைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். அதிகமாகக் கிளிக் வரும் வாக்கியங்கள் உங்கள் தொழிலோடு ஒட்டுகின்றனவா? பேட்டரி மாற்றுவதைப் பற்றிய தேடல்களே மேலே நின்றால், தளம் தவறான ஆட்களை அழைத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தின் தலைப்பிலும் முதல் பத்தியிலும் எந்தச் சொல் அவர்களை இழுத்தது என்று பாருங்கள். நிறையக் காட்டப்பட்டும் கிளிக் வராத, ஆனால் உங்களுக்குப் பொருத்தமான வாக்கியம் ஒன்று இருந்தால், அதற்கென்று தனிப் பக்கம் எழுத வேண்டும் என்பதற்கான சீட்டு அது.

அனலிட்டிக்ஸில், அழைப்பு எண்ணைத் தொட்டவர்களையும் விசாரணைப் படிவத்தை அனுப்பியவர்களையும் முக்கிய நிகழ்வுகளாகக் குறித்துவிடுங்கள். அதன் பிறகு ‘எத்தனை பேர் வந்தார்கள்’ என்ற கேள்வியோடு, ‘எங்கிருந்து வந்தவர்கள் அழைத்தார்கள்’ என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கும். ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களின் விகிதத்தைக் கண்டு பதற வேண்டாம். பக்கத்தைத் திறந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மேசைத் தொலைபேசியில் அழைத்தவர் கருவியின் கண்ணுக்கு ஒன்றும் செய்யாமல் போனவராகவே தெரியலாம்.

இன்னோர் எச்சரிக்கை. சிறு எண்கள் துள்ளும். போன மாதம் 40 பேர் வந்து 2 பேர் அழைத்தார்கள், இந்த மாதம் 3 பேர் அழைத்தார்கள் என்பதை ஐம்பது விழுக்காடு வளர்ச்சி என்று கொண்டாடுவதும், அடுத்த மாதம் 1 என்றதும் தளத்தையே மாற்றி எழுதுவதும் வேண்டாம். தேடல் வழி வரும் மாற்றம் தெரியவே மாதங்கள் ஆகும். மூன்று மாதங்களைச் சேர்த்து, அதற்கு முந்தைய மூன்று மாதங்களோடு ஒப்பிட்டால் ஓரளவு நம்பலாம். ஆண்டில் சில காலங்களில் மட்டும் வேலை குவியும் தொழில் என்றால், போன ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட வேண்டும்.

எந்தக் கருவியும் தராத தகவல் ஒன்று உண்டு. அழைப்பவரிடமே கேளுங்கள்: “எங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? என்ன எழுதித் தேடினீர்கள்?” இரண்டாவது கேள்விக்குச் சிலர் சிரிப்பார்கள், சிலர் யோசித்துச் சரியாகச் சொல்வார்கள். அவர் சொன்னதை அப்படியே, அவருடைய சொற்களிலேயே, தேதியோடு குறித்துவையுங்கள். பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அந்த அழைப்பு வேலையாக மாறியதா, லாபம் நின்றதா என்பதையும் பின்னர் நிரப்புங்கள். சில மாதங்களில் அந்தத் தாள், எந்தப் பக்கத்தை விரிவாக்குவது, எதை எடுத்துவிடுவது, எந்த விளம்பரத்தை நிறுத்துவது என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லும்.